நான்கு நாள் நடை

ஒருவருக்கு ஒரு பொழுதுபோக்கு எங்ஙனம் வாய்த்தது என்று வினவினால், பெரும்பாலும் மிகச் சிறிய நிகழ்ச்சி ஒன்றையே விடையாகக் கூறுவர். முத்திரை சேர்ப்பவருக்கு மாமன் ஒருவர் தந்த பழைய கடித உறை நினைவுக்கு வரும். பூந்தோட்டம் வளர்ப்பவருக்கு அயல்வீட்டார் வேலிக்கு மேலாக நீட்டிய செடித்தண்டு நினைவுக்கு வரும். விரும்பிய பொருளை நாடிச் செல்வதே பொழுதுபோக்கு என நாம் எண்ணுகிறோம். ஆயின், மனமார வெறுத்த ஒன்றே பின்னர் ஒருவனுக்கு உவப்பான பொழுதுபோக்காய் அமைவதும் உண்டு. அத்தகைய இளைஞன் ஒருவனுடைய கதையே இன்றைய பேச்சின் பொருளாகும்.

அவன் இங்கிலாந்தின் வடபாகத்திலுள்ள ஷெபீல்ட் நகரத்தவன்; வயது இருபத்திரண்டு. கத்திக்கும் உருக்குக்கும் பேர்பெற்ற அந்நகரிலே பண்டகசாலை ஒன்றிற் பெட்டிகளை ஏற்றி இறக்கும் வேலை பார்த்தான். வார இறுதிகளில் அவன் படைவீரன். பிரித்தானியாவிலே முழுநேரப் படைக்குத் துணையாகச் சேமப்படை ஒன்று உண்டு. 1908 ஆம் ஆண்டிலே பிரதேசப் படை என்னும் பெயரோடு தொடங்கிய அவ்வமைப்பு, 2014 ஆம் ஆண்டு முதல் இராணுவச் சேமப்படை என வழங்கி வருகிறது. கடைச் சிப்பந்திகளும் ஆசிரியர்களும் பஸ் சாரதிகளும் தத்தம் தொழிலை விடாமலே அதிற் சேர்ந்து, மாலை வேளைகளிலும் வார இறுதிகளிலும் பயிற்சி பெறுவர். ஆண்டுக்கொருமுறை சில நாட்கள் பாசறையிலே தங்குவர்.

நம் இளைஞன் அதிற் சேர்ந்தமைக்குத் தேசப்பற்று ஒன்றே காரணம் என்று கூறிவிட முடியாது. மேலதிகமாகச் சிறிது பணம் கிடைத்தது. நல்ல கூட்டாளிகள் கிடைத்தார்கள். கனரக வண்டி ஓட்டப் பழகலாம் என்ற ஆசையும் இருந்தது. துப்பாக்கிப் பயிற்சியை விரும்பினான். சமையற் கூடாரத்து வேலையைக்கூட முகஞ்சுளிக்காமற் செய்தான். நெடுநடை ஒன்றையே அவன் வெறுத்தான். முதுகிலே சுமை, காலிலே பாரமான சப்பாத்து, முன்னால் நடப்பவனுடைய முதுகைத் தவிர வேறொன்றையும் காணாத பாதை: இதுவே நடை என்று அவன் அறிந்து வைத்திருந்தான். நிற்கச் சொன்னால் நிற்பதும் நடக்கச் சொன்னால் நடப்பதுமே அதன் முழு இலக்கணம்.

அவ்வாண்டு வசந்த காலத்தில், ஒல்லாந்து தேசத்து நைமேகன் நகரிலே நடைபெறும் நான்கு நாள் நடைக்குப் பன்னிருவர் கொண்ட குழு ஒன்றை அனுப்புவதாகப் படைப்பிரிவில் அறிவித்தல் ஒட்டப்பட்டது. நடை என்ற சொல்லைக் கண்டு அப்பாற் சென்ற இளைஞன், வெளிநாடு என்ற சொல்லைக் கண்டு திரும்பி வந்தான். அவன் அதுவரை கடல் கடந்தவன் அல்லன். கடவுச்சீட்டுக்கூட அவனிடம் இல்லை. செலவின்றி அந்நிய நாடு ஒன்றைப் பார்க்கலாம் என்ற எண்ணத்தாலே தன் பெயரைக் கொடுத்தான்.

அந்நடையின் வரலாறு சிறிது அறியத்தக்கது. 1909 ஆம் ஆண்டிலே ஒல்லாந்தின் உடற்பயிற்சிச் சங்கம் ஒன்று அதனைத் தொடங்கியது. தொடங்கிய ஆண்டில் ஏறத்தாழ முந்நூறு பேரே நடந்தார்கள்; அவர்களிலும் பெரும்பாலோர் படைவீரர்கள். வீரரின் கால்வலிமையைப் பேணுவதே அன்றைய நோக்கம். 1925 ஆம் ஆண்டு முதல் நைமேகன் நகரமே அதன் நிலையான இடமாயிற்று. 1928 ஆம் ஆண்டில், அம்ஸ்ரர்டாம் நகரிலே ஒலிம்பிக் விளையாட்டுக்கள் நிகழ்ந்தபோது, பிற தேசத்தாரும் நைமேகனுக்கு வந்து கலந்துகொண்டனர். இரண்டாம் உலகப் போரின் ஆண்டுகளில் நின்றுபோய் 1946 ஆம் ஆண்டில் மீண்டும் தொடங்கியது. 2016 ஆம் ஆண்டிலே நூறாவது நடை நிகழ்ந்தது. படைவீரருக்கென ஏற்பட்ட நடையிலே இன்று நாற்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் கலந்துகொள்ளுகின்றனர். அவர்களிற் பெரும்பகுதியினர் ஆசிரியர், தாதியர், ஓய்வூதியர், மாணவர் முதலிய பொதுமக்களேயாவர்.

நடை ஆண்டுதோறும் யூலை மாதத்து மூன்றாம் செவ்வாய்க்கிழமை தொடங்கி வெள்ளிக்கிழமை முடிவடையும். பொதுமக்கள் தத்தம் வயதுக்கேற்ப நாளொன்றுக்கு முப்பதோ நாற்பதோ ஐம்பதோ கிலோமீற்றர் நடப்பர். படைவீரர் சீருடை அணிந்து, பத்துக் கிலோ சுமையை முதுகில் தாங்கி, நாளொன்றுக்கு நாற்பது கிலோமீற்றர் நடத்தல் வேண்டும். நான்கு நாளில் நூற்றறுபது கிலோமீற்றர். நம் கணக்கிற் சொன்னால் நூறு மைல். ஓர் அடி முக்கால் மீற்றர் என வைத்துக்கொண்டால், இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட அடிகள்.

ஹல் துறைமுகத்திலிருந்து இரவுக் கப்பலிற் புறப்பட்ட குழு, மறுநாட் காலை ரொட்டர்டாம் துறையை அடைந்தது. கப்பலின் மேற்றளத்திலே நின்று, முதன்முதலாகத் தன் நாடல்லாத ஒரு கரையை அவன் கண்டான். கண்டதும் சிறிது ஏமாற்றமே உண்டாயிற்று. எண்ணெய்த் தாங்கிகளும் பாரந்தூக்கிகளும் நிறைந்த அக்கரை அவனுடைய ஊர்க் கைத்தொழிற் பேட்டையைப் போலவே இருந்தது. ஆனால் வண்டி உள்நாட்டுக்குட் செல்லச் செல்ல, மேடு பள்ளமின்றிப் பரந்த பசும் புல்வெளியும், நெடுஞ்சாலைக்குச் சமமாகத் துவிச்சக்கர வண்டிகளுக்கென அமைந்த பாதைகளும், வயலைவிட உயரத்திலே ஓடும் வாய்க்கால்களும் அவன் கண்ணை இழுத்தன.

நைமேகன், ஜெர்மானிய எல்லைக்கு அண்மையில், வால் என்னும் நதியின் கரையில் உள்ள பழம்பெரும் நகரம். போர் அதனை இருமுறை வருத்தியது. 1944 ஆம் ஆண்டு பெப்ரவரி 22 ஆம் திகதி, அமெரிக்க விமானங்கள் இலக்குத் தவறி அந்நகரின் நடுப்பகுதியிலே குண்டுகளை வீசின. ஏறத்தாழ எண்ணூறு பேர் மாண்டனர். அதே ஆண்டு செப்ரெம்பர் 20 ஆம் திகதி, வால் நதிமீதிருந்த பெரும் பாலத்தைக் கைப்பற்றும் பொருட்டு, அமெரிக்க வான்குடைப் படையினர் பட்டப்பகலிலே கித்தான் துணியாலான படகுகளில் ஆற்றைக் கடந்தனர். எதிர்க்கரையிலிருந்து சுடுகலன்கள் முழங்கிக்கொண்டிருந்தன. அக்கடப்பிலே நாற்பத்தெட்டு வீரர்கள் உயிர் துறந்தார்கள்.

அவ்விடத்திலே 2013 ஆம் ஆண்டிற் புதிய பாலம் ஒன்று திறக்கப்பட்டது. 'கடப்பு' என்ற பொருளுடைய ஒல்லாந்துச் சொல்லே அதன் பெயர். அப்பாலத்தில் நாற்பத்தெட்டுச் சோடி விளக்குகள் உண்டு. நாள்தோறும் பொழுது சாயும் வேளையில் அவை ஒருங்கே ஏற்றப்படுவதில்லை. ஒரு மனிதன் மெதுநடையாய் நடக்கும் வேகத்தில், ஒன்றன்பின் ஒன்றாய், சோடி சோடியாய் ஒளிவிடும். முன்னாட் படைவீரர் ஒருவர் அவ்விளக்குகளோடு உடன் நடந்து பாலத்தைக் கடப்பார். 2014 ஆம் ஆண்டு முதல் இவ்வழக்கம் இடையறாது நடைபெற்று வருகிறது.

நடை தொடங்குவதற்கு முன்னாள் மாலை, குழுவின் தலைவரான சார்ஜன்ட் தம் வீரர்களை அப்பாலத்துக்கு அழைத்துச் சென்றார். யூலை மாதத்தில் அந்நாட்டிலே பொழுது சாய இரவு பத்து மணி நெருங்கிவிடும். மறுநாள் விடியுமுன் எழவேண்டியிருந்தமையால், இளைஞன் உள்ளுக்குள் முணுமுணுத்துக்கொண்டே நின்றான். விளக்குகள் ஒவ்வொன்றாய் ஏறின. மார்பிலே பதக்கங்கள் அணிந்த முதியவர் ஒருவர் பேச்சின்றி நடந்து அவர்களைக் கடந்து சென்றார். பன்னிரண்டாவது விளக்கையோ பதின்மூன்றாவது விளக்கையோ எண்ணிக்கொண்டிருந்தபோது, ஒவ்வொன்றும் ஓர் ஆள் என்பது இளைஞன் நெஞ்சிற் பட்டது. அதன்பின் அவன் எண்ணவில்லை.

முதல்நாள் எல்ஸ்ற் என்னும் ஊர்வழியாக நடை சென்றது. அதிகாலை நான்கு மணிக்கே படைவீரரின் பாசறை விழித்துக்கொண்டது. நகரம் அதற்கு முன்னரே விழித்திருந்தது, அல்ல, உறங்கவேயில்லை. வழிநெடுகிலும் மக்கள் கதிரைகளைத் தெருவோரத்தில் இட்டு அமர்ந்திருந்தார்கள். வாத்தியக் குழுக்கள் முழங்கின. சிறுவர்கள் வெள்ளரிக்காய்த் துண்டுகளையும் தோடம்பழச் சுளைகளையும் தட்டுக்களிலே ஏந்தி நின்றார்கள். வெயில் ஏறியதும் வீட்டுக்காரர் நீர்க்குழாயைத் திருப்பி நடப்போர்மீது நீர் தெளித்தார்கள். 'ஊர் கூடித் தேர் இழு' என்னும் நம் முதுமொழியின் பொருளை அங்கே காணலாம். நடப்பவன் கால் மட்டும் அவனை நடத்தவில்லை. பார்த்து நிற்பவர் குரலும் சேர்ந்தே நடத்துகிறது. அன்று மாலை இளைஞன், 'இவ்வளவுதானா?' என்று தன் தோழனிடம் கூறிச் சிரித்தான்.

இரண்டாம் நாள் அச்சிரிப்பு நிலைக்கவில்லை. வைகன் என்னும் ஊரை நோக்கிய பாதையில் வெயில் கடுமையாயிற்று. குதிகாலிலும் பெருவிரலின் அடியிலும் கொப்புளங்கள் எழுந்தன. நண்பகலுக்குச் சற்றுப் பின்னர், முதல்நாள் அவனோடு சேர்ந்து சிரித்த தோழன் தள்ளாடினான். அவனுடைய பேச்சுக் குழறியது. உடலில் வியர்வையே இல்லை. சார்ஜன்ட் ஒரு கணமும் தாமதிக்கவில்லை. சுமையை இறக்கி, நிழலிற் கிடத்தி, மருத்துவத் தொண்டரை அழைத்தார். தோழனுடைய நடை அத்துடன் முடிந்தது.

அன்றிரவு கூடாரத்திலே சிலர் தோழனைப் பற்றி இளக்காரமாகப் பேசத் தொடங்கினர். நம் இளைஞனும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். சார்ஜன்ட் அவர்களைத் தடுத்து, 2006 ஆம் ஆண்டு நிகழ்ந்ததை எடுத்துரைத்தார். அவ்வாண்டிலே முதல்நாள் வெப்பத்தால் நடந்தோரில் இருவர் இறந்தனர். நிருவாகத்தார் எஞ்சிய மூன்று நாள் நடையையும் நிறுத்திவிட்டனர். பல்லாயிரவர் பயிற்சியும் பயணச் செலவும் வீணாயின. ஆயினும் அம்முடிவு தவறென்று சொல்ல எவராலும் இயலுமா? 2022 ஆம் ஆண்டிலும் வெப்பத்தை அஞ்சி முதல்நாள் நடை கைவிடப்பட்டது. "நடக்கத் தெரிவது பாதி, நிற்கத் தெரிவது மறுபாதி" என்று கூறிவிட்டு, விளக்கை அணைக்கும்படி பணித்தார். இளைஞனுக்கு அது விளங்கவில்லை. நிற்கச் சொல்வதற்குத்தானே சார்ஜன்ட் இருக்கிறார் என்றே எண்ணிக்கொண்டான்.

மூன்றாம் நாள் குறூஸ்பேக் என்னும் ஊரின் நாள். சமதரையான ஒல்லாந்திலே மேடுகள் உள்ள பகுதி அது. ஏழு குன்றுப் பாதை என்றே ஒரு சாலைக்குப் பெயர். இளைஞனுடைய வலக்குதிகாலிலே தோல் உரிந்துவிட்டது. ஓய்விடம் ஒன்றிலே புல்லின்மீது அமர்ந்து, சப்பாத்தைக் கழற்றவும் அஞ்சி, இவ்விடத்தோடு விட்டுவிடலாமா என்று எண்ணிக்கொண்டிருந்தான். அருகிலே முதியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். எழுபது வயதுக்கு மேலிருக்கும். அந்நாட்டிலே தபாற்காரராயிருந்து ஓய்வு பெற்றவர். அவர் தம் சப்பாத்தையும் காலுறைகளையும் கழற்றி, பாதங்களைக் காற்றாட நீட்டி, ஆறுதலாகப் பாண் தின்றுகொண்டிருந்தார்.

"தம்பி, சப்பாத்தைக் கழற்றும்" என்றார் அவர்.

"கழற்றினால் மீண்டும் போட முடியாது, ஐயா."

"போடலாம். ஈரக் காலுறைதான் உம்முடைய பகைவன், பாதை அன்று."

இளைஞன் கழற்றினான். முதியவர் புண்ணைப் பார்த்து முகஞ்சுளிக்கவில்லை. துடைத்து உலரவிட்டு, ஒட்டுத்துணி இட்டு, உலர்ந்த காலுறையை மடிப்பின்றி இழுத்துவிடக் கற்பித்தார். மேட்டில் ஏறும்போது அடியைக் குறுக்க வேண்டும் என்றும், இறங்கும்போது முழங்காலைச் சிறிது வளைக்க வேண்டும் என்றும் கூறினார். பின்னர், "வந்ததிலிருந்து எதைக் கண்டீர்?" என்று வினவினார். இளைஞன் விழித்தான். முன்னால் நடப்பவனுடைய முதுகுப்பையில் எத்தனை வார்கள் உண்டென்று அவனுக்குத் தெரியும். வேறொன்றும் நினைவுக்கு வரவில்லை. முதியவர் சிரித்து, "பாதையை முடித்துவிட நடக்கிறீர். அதைப் பார்க்கவும் நடக்கலாமே" என்றார்.

அப்பாதையின் ஓரத்திலே, குன்றின்மேல், கனடிய வீரர்களின் கல்லறைத் தோட்டம் உளது. 1945 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ரைன் நதிப் பகுதியிலே நிகழ்ந்த போர்களில் மாண்டோர் பலர் அங்கே கிடக்கின்றனர். தம் வீரர் எவரும் ஜெர்மானிய மண்ணிற் புதைக்கப்படலாகாது எனக் கனடியத் தளபதி கிறெரர் ஆணையிட்டமையால், எல்லைக்கப்பால் இறந்தோரையும் இக்குன்றுக்குக் கொண்டுவந்து சேர்த்தனர். 2,300க்கும் மேற்பட்ட கனடியரின் வெண்கற்கள் அங்கே வரிசையாய் நிற்கின்றன. நடையின் மூன்றாம் நாளிலே கனடியக் குழுக்கள் அங்கே நின்று வணக்கம் செலுத்துவது வழக்கம். இளைஞனின் குழுவும் நின்றது. கற்களிலே வயது பொறிக்கப்பட்டிருந்தது. பத்தொன்பது. இருபத்தொன்று. இருபது. இருபத்திரண்டு என்று பொறித்த கல்லின் முன்னால் அவன் சற்று அதிக நேரம் நின்றான். இவர்களும் நடந்தே இவ்வூருக்கு வந்திருப்பார்கள். இக்குன்றின் அழகைப் பார்க்க அவர்களுக்கு யார் நேரம் கொடுத்தார்கள் என்ற எண்ணம் அவனுக்கு எழுந்தது.

அதன்பின் அவன் தலையை நிமிர்த்தி நடந்தான். வலி குறையவில்லை. ஆனால் குன்றின் சரிவிலே முற்றிய கோதுமையையும், தொலைவிலே ஜெர்மானியக் காடுகளின் நீலக்கோட்டையும், ஒரு வீட்டு முற்றத்திலே நடப்போருக்காக இரவெல்லாம் விழித்துச் சூப்புக் காய்ச்சிய கிழவியின் சிவந்த கண்களையும் அவன் கண்டான்.

நான்காம் நாள், மாஸ் நதியின்மீது படையின் பொறியியலாளர் கட்டிய மிதவைப் பாலத்தைக் கௌக் என்னும் ஊரருகே கடந்து, குழு நகரை அணுகியது. நகருட் புகும் பெருந்தெருவுக்கு அன்று ஒருநாள் மட்டும் வேறு பெயர். கிளாடியோலஸ் மலர்த் தெரு என்பது அதன் பொருள். இலத்தீன் மொழியிலே கிளாடியஸ் என்றால் வாள். இலை வாள்போல் நிமிர்ந்திருத்தலின் அம்மலர் அப்பெயர் பெற்றது. நடந்து முடித்தோர் கைகளிலே மக்கள் அம்மலர்க் கொத்துக்களைத் திணிக்கின்றனர். இளைஞன் கையிலும் ஒருத்தி சிவந்த மலர்க்கொத்தொன்றைத் தந்தாள். முடிவிலே வெண்கலச் சிலுவைப் பதக்கம் கிடைத்தது. கூடாரத்துக்கு வந்ததும் அவன் மலர்க்கொத்தைத் தோழனின் கட்டில்மேல் வைத்தான்.

இத்தோடு கதை முடிந்திருந்தால், ஒரு வெளிநாட்டுப் பயணத்தின் இனிய நினைவு என்றே அது நின்றிருக்கும். பதக்கம் வீட்டுச் சுவரிலே தொங்கியிருக்கும். பொழுதுபோக்குப் பிறந்தது ஊருக்குத் திரும்பிய பின்னரே.

கால்கள் ஆறிய பின்னர், ஒரு சனிக்கிழமை காலை, அவனுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஷெபீல்ட் நகரின் எல்லைக்குட்பட்ட நிலத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு, பீக் தேசியப் பூங்காவுக்குள் அமைந்தது. அங்கே பிறந்து வளர்ந்த அவன் இருபத்திரண்டு ஆண்டுகளாக அம்மலைகளைப் பஸ் யன்னல் வழியாகவே கண்டிருந்தான். கடல் கடந்து போய் அந்நியர் நாட்டுக் குன்றைப் பார்த்தவன், சொந்த ஊரின் குன்றைப் பார்த்ததில்லை. அவன் புகையிரதம் ஏறினான். மூன்றரை மைல் நீளமான மலைக்குகைப் பாதையைக் கடந்து, அரைமணி நேரத்துள் ஈடேல் என்னும் சிற்றூரில் இறங்கினான். அங்கிருந்து கின்டர் ஸ்கவுட் என்னும் மேட்டுநிலம் 636 மீற்றர் உயரத்துக்கு எழுகிறது.

சார்ஜன்ட் இல்லை, குழு இல்லை, முன்னால் முதுகும் இல்லை. கையிலே புதிதாக வாங்கிய தேசப்படம் ஒன்று மட்டும் இருந்தது. உச்சியை அடைந்தபோது மூடுபனி இறங்கியது. மேலே கருஞ்சேற்று மண்ணும் அதனை அறுத்தோடும் ஆழ்ந்த நீர்த்தடங்களும் எத்திசை நோக்கினும் ஒன்றுபோலவே தோன்றின. அப்பால் இன்னும் இரண்டு மைல் சென்றால் அவன் குறித்துவைத்த பாறையைக் காணலாம். கால்களிலே வலிமை இருந்தது, நேரமும் இருந்தது. போகச் சொல்லவோ நிற்கச் சொல்லவோ ஒருவரும் இல்லை. அங்கே நின்றபோதுதான் சார்ஜன்ட் சொன்ன மறுபாதி அவனுக்கு விளங்கியது. திசைகாட்டியைப் பார்த்து, வந்த வழியே திரும்பினான். நைமேகனில் நூறு மைல் நடந்தபோதும் தன் விருப்பத்தால் ஓரடியேனும் வைத்தானல்லன். அன்று திரும்பி வைத்த அடியே அவன் தானாக வைத்த முதலடி என்று கூறலாம்.

அடுத்த வாரம் மீண்டும் சென்றான், வானம் தெளிந்திருந்தது, பாறையைக் கண்டான். பின்னர் ஒரு வழக்கமாகவே அது ஆயிற்று. சிறு குறிப்புப் புத்தகம் ஒன்று வாங்கி, சென்ற திகதி, தொலைவு, ஏற்றம், கண்ட பறவை, பேசிய மனிதர் என எழுதலானான். ஸ்கொத்லாந்து மலையேறியான நெய்ஸ்மித் என்பவர் 1892 ஆம் ஆண்டில் வகுத்த கணக்கொன்று உண்டு: மூன்று மைலுக்கு ஒரு மணி, அதற்குமேல், ஏறும் ஒவ்வோர் இரண்டாயிரம் அடிக்கும் ஒரு மணி. அக்கணக்கைக்கொண்டு, இருட்டுமுன் திரும்பக்கூடிய தூரத்தைத் தானே வகுக்கக் கற்றான். பிரித்தானிய அரசின் தேசப்படங்கள் 1791 ஆம் ஆண்டில், பிரெஞ்சுப் படையெடுப்பை எண்ணி அஞ்சிய காலத்திலே, படைத்தேவைக்கென வரையத் தொடங்கியவை என்பதையும் அறிந்தான். பீரங்கியை எங்கே நிறுத்தலாம் என்று அறிய எழுந்த கலை, ஒற்றையடிப் பாதை எங்கே செல்கிறது என்று காட்ட இன்று உதவுகிறது.

அவன் அறிந்த மற்றொரு செய்தி அவனை இன்னும் ஆழமாகத் தொட்டது. அவன் தடையின்றி உலாவிய அம்மேட்டுநிலம் ஒருகாலத்திலே பொதுமக்களுக்கு மூடப்பட்டிருந்தது. செல்வர்கள் காட்டுக்கோழி வேட்டையாடும் பொருட்டுக் காவலாளரை நிறுத்தி அதனைக் காத்தனர். ஷெபீல்டிலும் மான்செஸ்டரிலும் ஆலைகளில் உழைத்தவர்கள், ஞாயிற்றுக்கிழமையேனும் நல்ல காற்றை நுகர விரும்பினர், வழியில்லை. 1932 ஆம் ஆண்டு ஏப்ரல் 24 ஆம் திகதி, பென்னி ரொத்மன் என்னும் இருபது வயது இளைஞனுடைய தலைமையில் நானூறு பேரளவில் அம்மேட்டின்மேல் ஏறினர். ஐவர் சிறை சென்றனர். சிலருக்கு இரண்டு மாதம், ஒருவருக்கு ஆறு மாதம். ஆயினும் அவர்கள் நடந்தது வீண்போகவில்லை. 1949 ஆம் ஆண்டிலே தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1951 ஆம் ஆண்டில் நாட்டின் முதலாவது தேசியப் பூங்காவாக அப்பகுதியே அறிவிக்கப்பட்டது. 1965 ஆம் ஆண்டில், ஈடேலிலிருந்து ஸ்கொத்லாந்தின் எல்லைவரை 268 மைல் நீளமான நெடும்பாதை திறக்கப்பட்டது. பொழுதுபோக்கென்று நாம் எளிதாகச் சொல்லும் ஒன்றுக்காகச் சிறை சென்றவரும் உளர் என்பதை அவன் உணர்ந்தான். கட்டளைக்கு நடந்தவனுக்குத் தன் விருப்பத்தால் நடப்பதன் விலை அப்போது தெரிந்தது.

அடுத்த ஆண்டு படைப்பிரிவில் மீண்டும் அறிவித்தல் ஒட்டப்பட்டது. இளைஞன் முதலாவதாகத் தன் பெயரை எழுதினான். இரண்டாவதாகத் தோழனுடைய பெயரை எழுதுவித்தான். ஆறு மாதமாக இருவரும் சனிக்கிழமைகளிற் சேர்ந்து நடந்தார்கள். வெயிலில் நீரும் உப்பும் எவ்வளவு கொள்ளவேண்டும் என்பதையும், உடல் காட்டும் முதற் குறிப்பைப் புறக்கணிக்கலாகாது என்பதையும் பழகினார்கள். தோழன் இம்முறை நான்கு நாளும் நடந்தான். அவன் கையிலே மலர்க்கொத்து விழுந்தபோது நம் இளைஞன் அடைந்த மகிழ்ச்சி, தன் பதக்கத்தாற்கூட அடையாதது.

நேயர்களே, இவ்விளைஞன் இன்றும் சேமப்படை வீரனே. கட்டளை வந்தால் நடப்பான். படைக்குக் கட்டளை வேண்டும்; அதிற் குறை ஒன்றுமில்லை. ஆனால் கட்டளை முடிந்த பின்னரும் ஒரு மனிதனுக்கு வாழ்வு இருக்கிறது. அவ்வேளையிலே எங்கே செல்வது, எவ்வளவு தூரம் செல்வது, எங்கே திரும்புவது என்பவற்றை அவனே தீர்மானித்தல் வேண்டும். பிறர் சொல்லிச் செய்வதிலே திறமை பெறுகிறோம். நாமே தேர்ந்து செய்யும் சிறு செயல்களிலே, நம் அளவை நாம் அறியப் பெறுகிறோம். நல்ல பொழுதுபோக்கு ஒன்று ஒருவனுக்குச் செய்யக்கூடிய உதவி அதுவே.

அதனைத் தேடித் தொலைதேசம் செல்ல வேண்டும் என்பதும் இல்லை. இவ்விளைஞனுக்கு அந்நிய நாட்டுப் பயணம் ஒன்று தேவைப்பட்டது. அப்பயணம் அவனைத் திருப்பி அனுப்பிய இடமோ, அரைமணி நேரப் புகையிரதத் தொலைவிலே இருபத்திரண்டு ஆண்டுகளாக அவனுக்காகக் காத்திருந்த மலை.